நம்ம ஊர்ப் பதிவேட்டில் அயிரை மீன் உண்டா?



போன மாதம் நம் கூட்டமைப்பின் தொகுப்புக் கூட்டம் ஒரு ஊராட்சி அலுவலகக் கட்டடத்தில் நடந்தது. சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். பழைய ரசீது ஒன்றைத் தேடி பீரோவைத் திறந்த நம் கணக்காளர் கையில் ஒரு கனமான புத்தகம் அகப்பட்டது. அட்டையில் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்று அச்சடித்து, அந்த ஊராட்சியின் பெயரும் போட்டிருந்தது. தூசியைத் தட்டி, "என்னதான் எழுதியிருக்காங்க பார்ப்போம்" என்று ஆளுக்கு ஒரு பக்கமாகப் புரட்டினோம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊரில் விளைகிற பயிர்கள் என்ற இடத்தில் மிளகும் ஏலக்காயும் இருந்தது. மழை வேண்டி மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சுகிற ஊரில் ஏலக்காயா? மீன்கள் என்ற பக்கத்தில் கட்லா, ரோகு, மிர்கால். அவ்வளவுதான். அதெல்லாம் குத்தகைக்காரர் குஞ்சு வாங்கிவந்து விடுகிற மீன். நம் கண்மாயில் தானாகப் பிறந்து வளர்கிற அயிரை இல்லை, குறவை இல்லை, கெளுத்தி இல்லை, விரால்கூட இல்லை. கீரை என்று பார்த்தால் சந்தையில் கட்டுக் கட்டாக வருகிற சிறுகீரையும் அரைக்கீரையும் மட்டும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணத்தி எதற்கும் இடமில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தா சொன்னார்: "வேற யாரு ஜாதகத்தையோ எழுதி நம்ம புள்ள பேரைப் போட்டுட்டாங்கடி."

அடுத்த பக்கத்தில்தான் சிரிப்பு நின்றது. அது பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர் பட்டியல். அதில் நம் குழு ஊக்குநர் ஒருவரின் பெயர் இருந்தது, பக்கத்திலேயே அவர் கையெழுத்தும் இருந்தது. அவருக்கோ ஒன்றுமே தெரியாது. "எப்பவோ ஒரு கூட்டத்துல வருகைப் பதிவுன்னு சொல்லிக் கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன்" என்றார். ஆக, அவர் பல வருடமாக ஒரு சட்டப்படியான குழுவில் உறுப்பினராக இருந்திருக்கிறார். அது அவருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

இதை ஏன் இத்தனை விவரமாக எழுதுகிறோம் என்றால், அதே ஊரில் இரண்டு வருடமாக இன்னொரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது. கரட்டுப் பக்கம் ஒரு வேன் வரும். நன்னாரி வேரைக் கிலோக் கணக்கில் எடை போட்டு வாங்கிப் போவார்கள். ஒளிக்காமல் சொல்கிறோம், வேர் தோண்டியது நம் உறுப்பினர்கள்தான். களையெடுப்பு வேலை இல்லாத மாதங்களில் அந்தக் காசு குழு சந்தாவுக்கு உதவியது. இந்த வருடம் கரட்டில் நன்னாரியைத் தேட வேண்டியிருக்கிறது. பதிவேட்டில் நன்னாரி என்ற பெயரே இல்லை. அதாவது, காகிதத்தின்படி நம் ஊரில் இல்லாத ஒரு செடிதான் அழிந்துகொண்டிருக்கிறது.

அதனால் இந்த இதழில் பல்லுயிர்ப் பதிவேடு என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது, அதனால் நமக்கு என்ன ஆகும் என்பதை விளக்கமாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டினால் நல்லது.

மஞ்சளுக்கு வந்த வழக்கு

பல்லுயிர் என்றால் பெரிய புலியும் யானையும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு குதிரைவாலியிலேயே சீக்கிரம் விளைவது, வறட்சி தாங்குவது என்று வகை வகையாக இருக்கிறதே, அதுவும் பல்லுயிர்தான். வயல் வரப்பில் எத்தனை வகைப் பூண்டு, எத்தனை பூச்சி, எத்தனை பறவை என்பதும் அதில் சேரும். கண்மாய், கரடு, கோயில் காடு, மேய்ச்சல் நிலம் என்று இடங்கள் பலவிதமாக இருப்பதும் சேரும். இந்த மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கண்மாய்க் கரையில் மரம் போனால் கொக்கு வேறு ஊருக்குப் போகும் என்று நமக்கும் தெரியும்.

1992இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் உலக நாடுகள் கூடியபோது, பல்லுயிர் பற்றி ஒரு ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் செடி, விதை என்றால் உலகத்துக்கே பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற பேச்சு இருந்தது. இந்த ஒப்பந்தம் அதை மாற்றியது. அந்தந்த நாட்டின் உயிர் வளம் அந்தந்த நாட்டுக்கு உரியது, அதை வைத்து லாபம் பார்க்கிறவர்கள் காத்து வந்தவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்றது. இந்தியா 1994இல் அதை ஏற்றுக்கொண்டு உறுப்பு நாடானது.

அடுத்த வருடமே ஒரு சோதனை வந்தது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கிவிட்டது. நம் நாட்டில் கால் இடறினால் அம்மா ஓடிவந்து மஞ்சள் வைப்பாள். அதற்கு அங்கே ஒருவர் உரிமையாளர்! இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து மனுப் போட்டது. "எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும்" என்று சொன்னால் மட்டும் அங்கே செல்லவில்லை. எழுத்தில் காட்டு என்றார்கள். பழைய வடமொழி நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையையும் காட்டிய பிறகுதான் 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோடிக்கணக்கான பெண்கள் தினமும் செய்கிற காரியம் சாட்சியாக நிற்கவில்லை. எங்கோ அச்சில் ஏறியிருந்த பக்கங்கள்தான் சாட்சியாக நின்றன. மஞ்சளுக்காவது ஏடு இருந்தது. நம் அப்பத்தாவுக்கு மட்டும் தெரிந்த தொய்யக்கீரைப் பக்குவத்துக்கு எந்த ஏடு இருக்கிறது?

இந்தக் கேள்வியை அதே காலத்தில் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் மாதவ் காட்கில் என்ற சூழலியல் விஞ்ஞானி. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சில நாள் வந்து பார்த்துப் போகிறவர்களால் ஒரு ஊரின் உயிர்களை முழுசாக அறிய முடியாது, அங்கேயே வாழ்கிற மீனவர், ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்கும் பெண்கள் ஆகியோருக்குத் தெரிந்ததையும் சேர்த்து ஊரே ஒரு பதிவேடு எழுத வேண்டும் என்பது அவர் கருத்து. 1990களின் நடுவிலிருந்து பல மாநிலங்களில் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து இப்படிப் பதிவேடுகளை எழுதிப் பார்த்தார்கள். அந்த யோசனைதான் பிறகு சட்டத்தில் ஏறியது.

2002இல் பாராளுமன்றம் பல்லுயிர் பரவல் சட்டத்தை நிறைவேற்றியது. 2003இல் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில் தொடங்கப்பட்டது. மாநிலத்துக்கு ஒரு வாரியம் உண்டு. அதற்குக் கீழே ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு. இந்தக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2004இல் வந்த மத்திய விதிகள் சொன்னன. நம் ஊக்குநரின் கையெழுத்து எதற்குத் தேவைப்பட்டது என்று இப்போது புரிகிறதா?

இந்தக் குழுவின் முதல் வேலை, ஊர் மக்களைக் கலந்து பதிவேடு தயாரிப்பது. இன்னொரு அதிகாரமும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. வியாபாரத்துக்காக ஊர் எல்லைக்குள் வந்து செடி, வேர், பூ சேகரிப்பவர்களிடம் குழு கட்டணம் வசூலிக்கலாம். ஊரின் உயிர் வளத்தைப் பயன்படுத்த யாராவது ஆணையத்திடமோ வாரியத்திடமோ அனுமதி கேட்டால், அவர்கள் முடிவெடுக்கும் முன் இந்தக் குழுவைக் கலந்து பேச வேண்டும். நாம் வீட்டுக்குக் கீரை பறிப்பதற்கும், நாட்டு வைத்தியர் மூலிகை பறிப்பதற்கும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அதையும் சட்டமே சொல்லியிருக்கிறது.

பங்கு கிடைத்த கதை, கிடைத்த பிறகும் வந்த சிக்கல்

சட்டம் வருவதற்கு முன்பே ஒரு இடத்தில் பங்கு கொடுத்தார்கள். 1987இல் திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் விஞ்ஞானிகள் அகத்தியமலைக் காட்டுக்குள் போனார்கள். வழிகாட்ட வந்த காணிப் பழங்குடியினர் ஒரு சிறு செடியின் காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். ஆரோக்கியப் பச்சை என்று இன்று அதற்குப் பெயர். அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்று ஒரு மருந்து செய்தார்கள். 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமையை கோவையில் உள்ள ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கொடுத்தார்கள். அதில் பாதி காணி மக்களுக்கு. உலகமே பாராட்டியது. ஆனால் செடிக்கு விலை வந்ததும் காட்டில் அதைப் பிடுங்குவது கூடியது, வனத்துறை தடுத்தது, யார் வளர்ப்பது யார் விற்பது என்பதில் இழுபறி வந்தது. நம் நன்னாரிக் கதையும் கிட்டத்தட்ட இதேதானே!

இதைவிட நமக்கு நெருக்கமான கதை ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கிறது. அங்கே பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கமெல்லாம் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடலை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளப்பாறை அங்கேதான் இருக்கிறது, பாசியும் அங்கேதான் இருக்கிறது. பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு எடுத்த காலம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே அமுங்கிவிட்டன. பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்களைக் கேட்டுக் கோடு போடவில்லை. நேற்றுவரை பிழைப்புக்குப் போன இடத்துக்கு இன்று போனால் குற்றவாளி என்ற நிலை வந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குத் தாங்களே விதி போட்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, பாசி வளர்கிற கோடை மாதங்களில் நிறுத்தி வைப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது, அடியை விட்டுவிட்டு எடுப்பது. "நாங்களும்தான் காக்கிறோம், எங்களையும் கேளுங்கள்" என்று அரசிடம் பேச அவர்களுக்கு இது பலம் கொடுத்தது. பாம்பன் பகுதியில் பாசி எடுக்கும் பெண்களின் தலைவி ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. ஆனாலும் பூங்காவுக்குள் அவர்கள் உரிமை என்ன என்ற பிரச்சினை பரிசோடு தீர்ந்துவிடவில்லை.

அதே கடற்கரையில் இன்னொரு பாசியும் உண்டு. மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்ப்பது, 45 நாளில் அறுவடை. ஊர்க்காரர்கள் 'பெப்சி பாசி' என்பார்கள். காரணம், 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அதை வளர்க்க வைத்து வாங்கியது பெப்சிகோ நிறுவனம். வங்கிக் கடன் வாங்கித் தெப்பம் கட்டியவர்களில் நம்மைப் போல் சுய உதவிக் குழுப் பெண்கள் நிறையப் பேர். அந்தப் பாசியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ததற்காக, பல்லுயிர் சட்டப்படி மதிப்பில் 5 சதவீதம் என்று கணக்கிட்டு, சுமார் 37 லட்சம் ரூபாயை நிறுவனம் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் கட்டியது. சட்டத்தின் கீழ் வந்த முதல் பெரிய பங்குத் தொகைகளில் இது ஒன்று.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தப் பாசி நம் கடலைச் சேர்ந்தது இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்த வகை. பவளப்பாறைக்குப் பக்கத்தில் வளர்த்தால் பரவிவிடும் என்று விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 2005இல் தமிழ்நாடு அரசு, மன்னார் வளைகுடாப் பூங்காவை ஒட்டி இதை வளர்க்கக் கூடாது, பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம் என்று ஆணை போட்டது. ஆனாலும் 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குருசடைத் தீவில் அந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்து மூச்சடைப்பதைப் பார்த்து எழுதினார்கள். பரவவில்லை, பயமில்லை என்று வாதிட்ட விஞ்ஞானிகளும் உண்டு. இந்த வாதம் முடிந்தபாடில்லை. எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: தெப்பம் கட்டிய பெண்ணிடம் கடன் தவணை எவ்வளவு என்று சொன்னார்கள், இது எந்த நாட்டுப் பாசி என்று யாராவது சொன்னார்களா? விஞ்ஞானம் அரசாங்கத்துக்குப் போய் ஆணையாக வந்துவிட்டது. கடலில் நிற்கிற பெண்ணிடம் வந்து சேரவில்லை. சேர்ந்திருந்தால் பாறையில் படர்ந்ததை முதலில் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடியவர் அவர்தான்.

அரிட்டாபட்டியில் நடந்தது

கடற்கரையை விட்டு இப்போது நம் கரட்டுப் பக்கம் வருவோம். மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் உள்ள அரிட்டாபட்டியை இன்று தெரியாதவர்கள் இல்லை. ஏழு குன்றுகள். பாறையில் விழுகிற மழைநீர் சுனையாகவும் கண்மாயாகவும் நிற்கிற ஊர். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு என்று சுமார் 250 வகைப் பறவைகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தேவாங்கு உண்டு, அழுங்கு உண்டு. பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும், தமிழி எழுத்துக் கல்வெட்டும், சமணர் படுக்கையும் உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 எக்டேருக்கும் சற்றுக் கூடுதலான இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இதே 2002 சட்டத்தில் உள்ள ஏற்பாடுதான். தமிழ்நாட்டில் முதல் தலம் அது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில் காடு இரண்டாவதாகச் சேர்ந்தது.

2024 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. அரிட்டாபட்டியைச் சேர்த்து 2,015 எக்டேர் பரப்பில் டங்ஸ்டன் கனிமம் தோண்ட மத்திய அரசு ஏலம் விட்டு, ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. நவம்பர் 23ஆம் தேதி கிராம சபைகளில் 'வேண்டாம்' என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு, பல்லுயிர்த் தலம் உள்ள இடத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மறுபடி பார்க்கலாம் என்றது.

இந்த இடத்தைச் சகோதரிகள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அரசாங்கம் பின்வாங்கியபோது எந்த இடத்தை முதலில் விட்டது? எழுத்தில் இருந்த இடத்தை. அறிவிப்பில் வந்த அந்த 193 எக்டேருக்குத்தான் உடனே மரியாதை கிடைத்தது. மீதி 1,800 எக்டேருக்கும் மேலான இடத்தில் இருந்த வயல், கண்மாய், ஆடு மாடுகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மக்கள் அதற்கு ஒப்பவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் மந்தையில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் மேலூர் பக்கமிருந்து மதுரைக்கு நடந்தே போனார்கள். ஜனவரி 23ஆம் தேதி ஏலம் முழுவதும் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது.

ஆக, எழுதி வைத்தால் எல்லாம் தானாகக் காப்பாற்றப்படும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. காலால் நடந்துதான் காப்பாற்றினார்கள். ஆனால் நடக்கிறவர் கையில் ஒரு காகிதம் இருந்தது.

அப்படியானால் நம் பதிவேடு ஏன் ஏலக்காயோடு வந்தது?

சட்டம் வந்து பல வருடம் ஆகியும் மாநிலங்கள் பதிவேடு வேலையைக் கிடப்பில் போட்டிருந்தன. 2016இல் நாடு முழுவதற்கும் சேர்த்து மேலாண்மைக் குழுக்களே பத்தாயிரத்தைத் தாண்டவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று 2019இல் உத்தரவு வந்தது. அவ்வளவுதான், எல்லா இடத்திலும் அவசரம். இன்று நாட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் குழுக்கள் இருப்பதாகக் கணக்கு. எண்ணிக்கை வந்துவிட்டது. ஒரு பதிவேட்டைப் பார்த்து இன்னொன்றை எழுதிய ஊர்களும் கூடவே வந்துவிட்டன. தீர்ப்பாயம் நல்லதுக்குத்தான் சொன்னது. ஆனால் நெல்லை விதைத்த மறுநாளே அறுத்துக் கொடு என்றால் யார் என்ன செய்வார்கள்? பக்கத்து வயலில்தான் அறுப்பார்கள்.

2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. முன்பு விதியை மீறினால் சிறை உண்டு, இப்போது அபராதம் மட்டும். பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர்களுக்கும், ஏற்கெனவே நூல்களில் ஏறியுள்ள மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கும் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்கு வந்தது. சாகுபடி செய்த மூலிகைக்கும் விலக்கு உண்டு. ஆனால் அது சாகுபடியில் வந்ததுதான், காட்டில் பிடுங்கியது இல்லை என்பதற்கு மேலாண்மைக் குழுவின் சான்று வேண்டும். வேன்காரர் "இது தோட்டத்து நன்னாரி" என்று சொன்னால், ஆமாம் இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நம் ஊக்குநர் இருக்கிறார். தான் உறுப்பினர் என்பதே தெரியாமல் இருந்தால் அந்தச் சான்றிலும் யாராவது அவரிடம் 'வருகைப் பதிவு' வாங்கிவிடுவார்கள். விலக்குகள் தாராளமாகிவிட்டன என்பதே எங்கள் எண்ணம். அதனாலேயே கீழே உள்ள குழு விழித்திருக்க வேண்டியது கூடியிருக்கிறது.

நாங்கள் தொடங்கியிருக்கிற வேலை

அந்த ஊராட்சியில் பதிவேட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பதில் பயனில்லை என்று முடிவு செய்து, திருத்தி எழுத அனுமதி கேட்டு கிராம சபையில் மனுக் கொடுத்தோம். பதிவேடு என்பது ஒரு தடவை எழுதிப் பூட்டி வைக்கிற பத்திரம் இல்லை, அவ்வப்போது சேர்த்துத் திருத்த வேண்டியது. ஊராட்சிச் செயலாளர் முதலில் தயங்கினார். "மேலே அனுப்பினதை எப்படி மாத்துறது?" என்றார். கட்லாவும் ஏலக்காயும் இருக்கும் பக்கத்தைக் காட்டியதும் அவரும் சிரித்துவிட்டார்.

கண்மாய்க்கு ஒரு நாள், கரட்டுக்கு ஒரு நாள் என்று நடந்தோம். ஆட்டுக்காரர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. எந்தத் தழையை வெள்ளாடு தொடும், எதைத் தொடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கிடை மாடு போடுகிற ஒரு பெரியவர் புலிக்குளம் மாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அந்த மாடு இன்று கர்நாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வள அமைப்பின் பட்டியலில் தனி இனமாகப் பதிவாகியிருக்கிறது. அவருக்கு அதில் பெருமை. மேய்ச்சல் நிலம் குறைந்துகொண்டே போவதில் கவலை. இரண்டையும் எழுதிக்கொண்டோம்.

கோடையில் நடந்ததில் கீரை ஒன்றும் கண்ணில் படவில்லை. "மழை பெஞ்சு எட்டாம் நாள் வாங்கடி, நான் காட்டுறேன்" என்றார் அதே அப்பத்தா. அதனால் கீரைக்கும் அயிரைக்கும் பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு நிரப்புவோம். கல்லூரியில் தாவரவியல் படிக்கிற நம் உறுப்பினர் மகள் ஒருத்தி ஒவ்வொன்றுக்கும் அறிவியல் பெயரைச் சேர்த்துத் தருகிறாள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் அல்லவா, அந்தப் பெயர் இருந்தால்தான் வேறு ஊர்க்காரர்களுக்கும் வாரியத்துக்கும் எந்தச் செடி என்று தெரியும்.

எதை எழுதக் கூடாது என்பதிலும் ஒரு விவாதம் வந்தது. பாம்புக் கடிக்கு மருந்து கொடுக்கும் ஒரு குடும்பத்தார், செடியின் பெயரைச் சொல்கிறோம், பக்குவத்தைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. என்ன செடி, எந்தப் பருவத்தில் வரும், பொதுவாக எதற்கு ஆகும் என்பது போதும். அளவும் கூட்டுப் பொருளும் அவர்கள் விருப்பம். அரிதான செடி எந்தப் பாறை இடுக்கில் இருக்கிறது என்பதையும் எழுதவில்லை. எழுதினால் பதிவேடே வேன்காரருக்கு வழிகாட்டி ஆகிவிடும்.

உங்கள் ஊராட்சியிலும் அலுவலகத்தில் கேட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். குழுவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அதில் உங்கள் பெயரே இருக்கலாம்! காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள்.

நன்னாரிக்கு மட்டும் அந்த ஊரில் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். காய் வெடித்து விதை பறந்த பிறகுதான் தோண்டுவது, ஒரு கொடியில் பாதி வேரை விட்டு மண் மூடுவது, கரட்டின் வடபுறத்தை மூன்று வருடம் தொடாமல் விடுவது. இதற்கு எல்லோரும் சம்மதம். வேனுக்கு எவ்வளவு கட்டணம் போடுவது என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை. அதிகமாகக் கேட்டால் அடுத்த ஊர்க் கரட்டுக்குப் போய்விடுவார், நமக்குக் கூலியும் போகும் என்கிறார்கள் வேர் தோண்டுகிறவர்கள். அடுத்த ஊரிலும் நம் குழு இருக்கிறதே, அவர்களையும் இதே தீர்மானம் போடச் சொல்வோம் என்கிறார் நம் ஊக்குநர். அந்த ஊர் குழுக்களை வரும் தொகுப்புக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம்.